ஜாக்பாட் அடிச்சாச்சு... ஐடி எங்கே? லாஸ் வேகஸ் கேசினோவில் பணம் கைக்கு வருவதற்குள் நடக்கும் கதை!

2022-ம் ஆண்டு ஜனவரி 8-ம் தேதி. அமெரிக்காவின் லாஸ் வேகஸ் நகரில் இருக்கும் 'ட்ரெஷர் ஐலண்ட்' கேசினோ. அரிசோனா மாநிலத்திலிருந்து வந்திருந்த ஒருவர், ஸ்லாட் மெஷின் முன்னால் உட்கார்ந்து விளையாடினார். பிறகு எழுந்து, ஊருக்கும் கிளம்பிவிட்டார்.

அவர் ஜாக்பாட் ஜெயித்திருந்தார். ஆனால், அது அவருக்கே தெரியாது!

மெஷினின் தகவல் தொடர்பில் ஏதோ கோளாறு. ஜெயித்த விஷயத்தை மெஷின் அவருக்கும் சொல்லவில்லை, கேசினோ ஊழியர்களுக்கும் சொல்லவில்லை. தொகை எவ்வளவு தெரியுமா? 2,29,368 டாலர், 52 சென்ட். அன்றைய மதிப்பில் நம்ம ஊர் பணத்துக்குச் சுமார் 1 கோடியே 70 லட்சம் ரூபாய்.

கோளாறு தெரியவந்தபோது ஆள் அங்கே இல்லை. பெயர் தெரியாது, ஊர் தெரியாது, கேமராவில் பதிவான ஒரு முகம் மட்டும்தான் இருக்கிறது. 'விடு, நமக்கு லாபம்' என்று அந்த விஷயம் அங்கேயே முடிந்துவிடவில்லை. சூதாட்ட விடுதிகளைக் கண்காணிக்கும் நெவாடா மாநில அரசின் கேமிங் கன்ட்ரோல் போர்டு களத்தில் இறங்கியது. பல கேசினோக்களின் சிசிடிவி பதிவுகளை மணிக்கணக்கில் ஓடவிட்டுப் பார்த்தார்கள். சாட்சிகளிடம் பேசினார்கள். கார்டு மூலம் நடந்த பரிவர்த்தனைகளைத் துழாவினார்கள். மாநிலப் போக்குவரத்துத் துறையின் உதவியோடு வாடகை கார் செயலியின் பயண விவரங்களைக்கூட வாங்கி அலசினார்கள். கிட்டத்தட்ட மூன்று வாரம் கழித்து, ஜனவரி 28-ம் தேதி அந்த ஆள் யார் என்று உறுதியானது.

ஜெயித்தவரைத் தேடி அரசாங்கமே அலைந்த கதை இது. படிக்க ஜாலியாக இருக்கிறது இல்லையா? ஆனால், இது லட்சத்தில் ஒன்று. மற்ற எல்லா நாள்களிலும் கதை தலைகீழ். 'நான்தான் ஜெயித்தேன், நான் இன்னார்தான்' என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு ஜெயித்தவர் தலையில்தான் விழும்.

போடும்போது கேட்பதில்லை... எடுக்கும்போது?

லாஸ் வேகஸில் கேசினோ என்பது ஊருக்கு ஒதுக்குப்புறமாக இருக்கும் ரகசிய இடம் அல்ல. ஹோட்டல் ரிசப்ஷனுக்குப் போகும் வழி, சாப்பிடப் போகும் வழி, ஷோ பார்க்கப் போகும் வழி எல்லாமே பெரும்பாலும் கேசினோ தளத்துக்குள்தான் போகும். நடக்கிற வழியிலேயே மெஷின்கள் கண் சிமிட்டிக்கொண்டிருக்கும். 20 டாலர் நோட்டை உள்ளே தள்ளினால் போதும். பெரும்பாலும் யாரும் வந்து 'நீ யார்' என்று கேட்க மாட்டார்கள். மெஷினுக்கு நோட்டு கிழியாமல் இருந்தால் சரி.

சின்னத் தொகை ஜெயித்தாலும் பிரச்னை இல்லை. மெஷின் ஒரு சீட்டை அச்சடித்துத் தரும். பக்கத்தில் இருக்கும் இன்னொரு மெஷினில் அந்தச் சீட்டைக் கொடுத்தால் பணம் வந்துவிடும். பெயர், ஊர் எதுவும் தேவையில்லை.

தொகை பெரிதானால்தான் காட்சி மாறுகிறது. மெஷின் அப்படியே பூட்டிக்கொள்ளும். மேலே இருக்கும் விளக்கு மின்னும். அதற்குப் பிறகு எந்தப் பட்டனை அழுத்தினாலும் அசையாது. கேசினோ ஊழியர் ஒருவர் வருவார். முதலில் 'வாழ்த்துகள்' என்பார். அடுத்து, 'உங்கள் ஐடி ப்ளீஸ்' என்பார். இப்படி ஊழியர் கையால் பணம் தருவதற்கு அங்கே 'ஹேண்ட் பே' என்று பெயர்.

எவ்வளவு பெரிய தொகை? 1977-லிருந்து அந்த எல்லை 1,200 டாலர். விலைவாசி எங்கேயோ போய்விட்டது, இந்த எண் மட்டும் கிட்டத்தட்ட அரை நூற்றாண்டாக நகரவே இல்லை. 2025-ல் அமெரிக்காவில் வந்த புதிய வரிச் சட்டத்தால்தான் 2026 ஜனவரி முதல் அது 2,000 டாலர் ஆனது. இனி விலைவாசிக்கு ஏற்ப மாறிக்கொண்டும் இருக்கும்.

ஏன் இந்த எல்லை என்றால், காரணம் வருமான வரி. இந்த அளவைத் தொட்டால், ஜெயித்தவரின் பெயர், முகவரி, வரி எண் ஆகியவற்றை ஒரு படிவத்தில் எழுதி அமெரிக்க வருமான வரித்துறைக்கு கேசினோ அனுப்பியாக வேண்டும். அதற்கு இரண்டு அடையாள ஆவணங்கள் கேட்பார்கள். அதில் ஒன்றிலாவது போட்டோ இருக்க வேண்டும். அங்கே வாழ்பவர்கள் டிரைவிங் லைசென்ஸைக் காட்டி, சோஷியல் செக்யூரிட்டி எண்ணைச் சொல்வார்கள். எண் தர முடியாத அமெரிக்கவாசி என்றால், தொகையிலிருந்து 24 சதவிகிதத்தை வரியாகப் பிடித்துக்கொண்டுதான் மீதியைத் தருவார்கள்.

10 லட்சம் டாலர்... ஆனால் வயது 19!

ஐடி கேட்பதற்கு வரி மட்டும் காரணம் இல்லை. வயதும் காரணம்.

நெவாடாவில் 21 வயது நிறைந்தவர்கள்தான் கேசினோவில் விளையாட முடியும். 1987-ம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், லாஸ் வேகஸின் புகழ்பெற்ற 'சீஸர்ஸ் பேலஸ்' கேசினோவில் ஒரு ஸ்லாட் மெஷினில் ஜாக்பாட் விழுந்தது. தொகை 10,61,812 டாலர். அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய பணம் என்று யோசித்துப் பாருங்கள். விளையாடியவர் ஆர்கன்சா மாநிலத்திலிருந்து வந்த இளைஞர். வயது 19.

கேசினோ பணம் தர மறுத்தது. குடும்பம் விடவில்லை. மாநில கேமிங் போர்டு, நீதிமன்றம், மேல்முறையீடு என்று வருடக்கணக்கில் போராடிப் பார்த்தார்கள். 21 வயது ஆகாதவர் ஜெயித்ததாகச் சொல்லப்படும் பணத்தை வசூலிக்க நெவாடா சட்டத்தில் இடமில்லை என்பதுதான் கிடைத்த பதில். 1991-ல் ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் கைவிரித்துவிட்டது.

நாணயம் போடும்போது அந்த மெஷின் அவர் வயதைக் கேட்டிருந்தால் இந்த வழக்கே வந்திருக்காது. ஒருவேளை அதே பையன் தோற்றிருந்தால், யாராவது வயதைக் கேட்டுப் பணத்தைத் திருப்பித் தந்திருப்பார்களா என்ற கேள்வி எனக்குள் இன்னும் ஓடிக்கொண்டே இருக்கிறது.

'உன் கை ராசியான கை... நீ அழுத்து!'

நம் வீடுகளில் சாதாரணமாகச் சொல்லும் வார்த்தைதான் இது. இதைச் சொல்லி ஒரு லட்சம் டாலரைக் கோட்டைவிட்டவர் ஃப்ளோரிடாவில் இருக்கிறார்.

2017 ஜனவரி கடைசியில், அங்கே ஹாலிவுட் என்ற ஊரில் உள்ள 'செமினோல் ஹார்ட் ராக்' கேசினோவுக்கு ஓர் ஆணும் அவருடைய தோழியும் போனார்கள். மெஷினில் பணம் போட்டது அவர். அதிர்ஷ்டத்துக்காகப் பட்டனை அழுத்தச் சொன்னது தோழியை. விழுந்தது 1 லட்சம் டாலர் ஜாக்பாட். கேசினோ யாருக்குக் கொடுத்தது? தோழிக்கு. 'என் பணம்' என்று அவர் எவ்வளவோ சொல்லியும் எடுபடவில்லை. பட்டனை அழுத்தியவர்தான் விளையாடியவர், விளையாடியவருக்குத்தான் ஜாக்பாட் என்பது அங்கே விதி. கேமராவில் தெரிந்த கை அவருடையது, அவ்வளவுதான்.

அந்தத் தோழி பிறகு பணத்தில் பங்கு கொடுத்தாரா என்று கேட்காதீர்கள். நட்பு முறிந்துபோனதுதான் செய்தியாக வந்தது.

ஆகவே, ஐடி என்பது வெறும் போட்டோ அட்டை அல்ல. பணம் யாருக்குச் சொந்தம் என்று முடிவாகும் இடமே அதுதான். கையெழுத்துக்காக நீட்டப்படும் அந்த வரிப் படிவத்தில் ஓர் உறுதிமொழி இருக்கிறது. 'இதில் உள்ள பெயரும் எண்ணும் என்னுடையவைதான், இந்தப் பணத்தில் வேறு யாருக்கும் பங்கு கிடையாது' என்பது அதன் சாராம்சம். பொய் சொன்னால் தண்டனை என்ற நிபந்தனையோடுதான் அதில் கையெழுத்துப் போட வேண்டும்.

அமெரிக்கா போகும் அப்பா, அம்மாக்கள் கவனத்துக்கு...

இப்போது நம் வீட்டுக் கதைக்கு வருவோம். மகனோ மகளோ கலிஃபோர்னியாவில் வேலை பார்க்கிறார்கள். அப்பாவும் அம்மாவும் ஆறு மாதம் தங்கிவிட்டு வரப் போகிறார்கள். கிராண்ட் கேன்யன் டூர் போட்டால் இடையில் ஒரு நாள் லாஸ் வேகஸ் இல்லாமல் இருக்காது. லாஸ் ஏஞ்சலீஸிலிருந்து காரில் நான்கு, ஐந்து மணி நேரம்தான்.

கிளம்பும்போது வீட்டில் என்ன சொல்வோம்? 'பாஸ்போர்ட்டைத் தொலைச்சுடப் போறீங்க. அதை இங்கேயே பீரோவுல வைங்க. ஜெராக்ஸ் காப்பி மட்டும் போதும்.' சரிதானே? அம்மாவின் கைப்பையில் ஜெராக்ஸ் இருக்கும், அப்பாவின் பர்ஸில் ஆதார் கார்டு இருக்கும்.

கேசினோவில் இரண்டும் உதவாது. இந்தியாவிலிருந்து போன சுற்றுலாப் பயணிக்கு அங்கே செல்லுபடியாகும் அடையாளம் ஒரிஜினல் பாஸ்போர்ட்தான். காலாவதியான ஆவணத்தையும் பொதுவாக ஏற்க மாட்டார்கள்.

பாஸ்போர்ட் கையில் இல்லையென்றால் ஜாக்பாட் போய்விடுமா? உடனே பயப்பட வேண்டாம். பொதுவாக, தொகையைக் குறித்துவைத்து நிறுத்திவைப்பார்கள். ஆவணத்தோடு திரும்பி வந்தால் தருவார்கள். மெஷின் எண், நேரம், தொகை இவற்றை எழுதி வாங்கிக்கொள்ளாமல் அந்த இடத்தைவிட்டு நகரக் கூடாது. மெஷின் திரையை போட்டோ எடுத்து வைத்துக்கொண்டாலும் நல்லது. ஆனால், ஊருக்குத் திரும்பும் விமானம் மறுநாள் காலை என்றால் என்ன செய்வது? பீரோவில் இருக்கும் பாஸ்போர்ட்டை எடுத்துவர, போக வர ஒன்பது மணி நேரம் கார் ஓட்ட யாராவது தயாராக இருக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் எல்லோருக்கும் ஒரு யோசனை வரும். 'பையன்கிட்ட லைசென்ஸும் சோஷியல் செக்யூரிட்டி நம்பரும் இருக்கே. அவன் பேர்ல வாங்கிக்கலாமே!'

கூடாது. பட்டனை அழுத்தியது அம்மா என்று கேமரா சொல்லும். மேலே சொன்ன அந்த உறுதிமொழியில் மகன் கையெழுத்துப் போட்டால், அது பொய் உறுதிமொழி. விசாவில் வேலை பார்க்கும் பிள்ளைக்கு இது தேவையே இல்லாத தலைவலி. உண்மையிலேயே நான்கைந்து பேர் சேர்ந்து பணம் போட்டு விளையாடியிருந்தால், யார் யாருக்கு எவ்வளவு பங்கு என்று எழுதிக் கொடுக்கத் தனிப் படிவமே இருக்கிறது. ஃபார்ம் 5754 என்று பெயர். அதை அப்போதே, அங்கேயே கேட்டு வாங்க வேண்டும்.

அடுத்தது வரி. அமெரிக்காவில் வசிக்காத வெளிநாட்டவர் ஸ்லாட் மெஷினில் இப்படி ஜெயித்தால், 30 சதவிகிதம் அங்கேயே பிடிக்கப்படும். 5,000 டாலர் ஜாக்பாட் என்றால் 1,500 டாலர் போய், கையில் கிடைப்பது 3,500. பிரிட்டன், ஜெர்மனி, ஜப்பான் போன்ற நாடுகளிலிருந்து வருபவர்களுக்கு வரி ஒப்பந்தம் காரணமாக இதிலிருந்து விலக்கு உண்டு. ஜப்பான்காரர் பாஸ்போர்ட்டை நீட்டி, அதற்கான படிவங்களைக் கொடுத்தால் முழுப் பணத்தையும் வாங்கலாம். இந்தியாவுக்கு அந்தச் சலுகை இல்லை. பக்கத்து பக்கத்து மெஷின், ஒரே ஜாக்பாட், வேறு வேறு பாஸ்போர்ட்!

இன்னொரு வேடிக்கை. பிளாக்ஜாக், ரூலெட் போன்ற சில மேஜை விளையாட்டுகளில் ஜெயித்தால் வெளிநாட்டவருக்கு இந்த வரியே கிடையாது. ஸ்லாட் மெஷினுக்குத்தான் உண்டு. அதோடு, அமெரிக்கர்கள் தோற்ற பணத்தைக் கணக்குக் காட்டி ஜெயித்ததில் கழித்துக்கொள்ள வழி இருக்கிறது. நம்மைப் போன்ற வெளிநாட்டுப் பயணிகளுக்கு அதுவும் இல்லை. காலையிலிருந்து 3,000 டாலர் தோற்று, மாலையில் 3,000 டாலர் ஜெயித்தாலும், ஜெயித்த 3,000-க்கு வரி 900 டாலர் போகத்தான் செய்யும்.

ஊருக்கு வந்த பிறகும் கதை முடிவதில்லை. இந்தியாவில் வசிப்பவர் என்றால் வெளிநாட்டில் ஜெயித்ததையும் இங்கே வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டும். சூதாட்ட வருமானத்துக்கு இங்கேயும் 30 சதவிகிதம் வரி, அதற்கு மேல் செஸ். அங்கே பிடித்த வரிக்கு இங்கே வரவு கேட்க வழி இருக்கிறது. அதற்கு கேசினோ தந்த படிவம் கையில் இருக்க வேண்டும். அதனால் அந்தக் காகிதத்தை ஹோட்டல் அறைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வராதீர்கள். ஆடிட்டர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

பெயரை மறைக்கலாம்... ஆனால் யாரிடம்?

ஸ்லாட் மெஷின் வரலாற்றிலேயே பெரிய ஜாக்பாட் விழுந்தது 2003 மார்ச் 21-ம் தேதி, லாஸ் வேகஸின் 'எக்ஸ்கேலிபர்' கேசினோவில். தொகை 3 கோடியே 97 லட்சம் டாலர். ஜெயித்தவர் லாஸ் ஏஞ்சலீஸைச் சேர்ந்த 25 வயது சாஃப்ட்வேர் இன்ஜினீயர். அவ்வளவுதான் உலகத்துக்குத் தெரியும். பெயரை வெளியிட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஊருக்குத்தான் அவர் பெயர் தெரியாது. கேசினோவுக்கும் வரித்துறைக்கும் தெரியும். 'மெகாபக்ஸ்' எனப்படும் அந்த வகை மெஷின்கள் மாநிலம் முழுக்க ஒரே வலையில் இணைக்கப்பட்டவை. இவ்வளவு பெரிய தொகை விழுந்தால் ஆளைச் சரிபார்ப்பது போலவே மெஷினையும் சரிபார்ப்பார்கள். யாரும் அதன் மென்பொருளில் கைவைக்கவில்லை என்று உறுதியான பிறகுதான் பணம். ஆக, மெஷினும் தன் ஐடியைக் காட்டியாக வேண்டும்!

ஒருவேளை கேசினோ தர மறுத்தால்? நெவாடாவில் 500 டாலரோ அதற்கு மேலோ உள்ள தொகையில் தகராறு வந்தால், கேசினோவே உடனடியாக கேமிங் போர்டுக்குத் தகவல் சொல்லியாக வேண்டும் என்பது சட்டம். அதிகாரி விசாரித்து 45 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். வாக்குவாதம் செய்து தொண்டைத் தண்ணீர் வற்றுவதைவிட, 'போர்டுக்குச் சொல்லுங்கள்' என்று கேட்பது மேல்.

(இதைப் படித்துவிட்டு யாரும் டிக்கெட் போட வேண்டாம். மெகாபக்ஸ் ஜாக்பாட் விழும் வாய்ப்பு சுமார் 5 கோடியில் ஒன்று என்று கணக்கிடுகிறார்கள். அரசு விதிப்படி நெவாடா ஸ்லாட் மெஷின்கள், போடப்படும் பணத்தில் 75 சதவிகிதத்தையாவது பரிசாகத் திருப்பித் தரும்படி அமைக்கப்பட்டிருக்க வேண்டும். மீதி யாருக்கு என்று உங்களுக்கே தெரியும்.)

ஐடியைக் காட்டினால் வெளிவரும் இன்னொரு கணக்கு

சில நேரம் ஐடி சரியாக இருப்பதே சிக்கலாகிவிடும்.

நியூஜெர்ஸி மாநிலத்தில், சூதாட்டப் பழக்கத்தை விட முடியாமல் தவிப்பவர்கள், 'என்னை கேசினோவுக்குள் விடாதீர்கள்' என்று தாங்களாகவே எழுதிக்கொடுத்து ஒரு பட்டியலில் சேர்ந்துகொள்ளலாம். சேர்ந்தவர்களில் சிலர் மனசு கேட்காமல் மறுபடி போவதும் உண்டு. கூட்டத்தோடு கூட்டமாக உள்ளே போய்விடலாம், மெஷினும் பணத்தை வாங்கிக்கொள்ளும். ஜாக்பாட் விழுந்து ஐடியை நீட்டும்போதுதான் பெயர் பட்டியலில் இருப்பது தெரியவரும். ஜெயித்த பணம் பறிமுதல். தோற்ற பணமும் திரும்பி வராது.

கொலராடோவில் நடப்பது வேறு. அங்கே பிளாக் ஹாக், சென்ட்ரல் சிட்டி, கிரிப்பிள் கிரீக் என்று மூன்று பழைய சுரங்க ஊர்களில் கேசினோக்கள் இருக்கின்றன. 2008-லிருந்து அங்கே ஒரு சட்டம். வரிப் படிவம் எழுதும் அளவுக்கு ஒருவர் ஜெயித்தால், பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன் அவருடைய பெயரையும் எண்ணையும் கேசினோ ஊழியர் ஒரு அரசுத் தரவுத்தளத்தில் தட்டிப் பார்க்க வேண்டும். எதற்கு? விவாகரத்தாகிப் பிரிந்துபோன பிறகு, பிள்ளைகளுக்கு மாதாமாதம் தர வேண்டிய பராமரிப்புத் தொகையை அவர் பாக்கி வைத்திருக்கிறாரா என்று பார்ப்பதற்கு.

பாக்கி இருந்தால், முதலில் அதை எடுத்துப் பிள்ளைகளுக்குப் போகும்படி அரசுக்கு அனுப்பிவிடுவார்கள். அதற்குப் பிறகு மிச்சம் ஏதாவது இருந்தால்தான், ஐடியோடு சேர்த்து அவர் கையில் கொடுப்பார்கள்.